பூனைக்கு மீன் வாங்கப் போவது யார்?



தில்லியின் குளிரைக் குறித்து ஊரிலுள்ள உறவினர்களுக்கு நீங்கள் எத்தனை முறை விவரித்திருப்பீர்கள்! 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி காலையில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவாயிற்று. அப்படிப்பட்ட ஒரு காலையில், கனத்த ரஜாய்க்குள் ஒரு குடும்பத்தலைவர் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பகுதி மாத்திரம் ரஜாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, விறைத்தும் போயிருக்கிறது. ஏன் காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை? அவர் கால் இருக்கவேண்டிய இடத்தில் வீட்டுப் பூனை நித்திரை செய்கிறது. கேட்டால், "பாவம், இப்பொழுதுதான் கண்ணயர்ந்தது" என்பார். அந்தப் பூனை நேற்று மத்தியானம் முதல் கண்ணயர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை அவருடைய மனைவி சொல்லுவார்.

பூனை குறுக்கே போனால் சகுனத்தடை என்று எண்ணி, புறப்பட்ட காரியத்தை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போன ஜனங்கள் நாம். அந்தப் பயத்திலிருந்து விடுதலை பெற்றோம், நல்லது. இப்பொழுது அதே பூனை நடைவழியின் குறுக்கே படுத்திருந்தால், அதன் தூக்கம் கலையாதபடிக்குக் கையில் கொதிக்கிற குழம்புச் சட்டியோடு அதைத் தாண்டிப் போகிறோம். வீடு சந்திப்புக்குப் போகும் இல்லங்களில் இதை நான் வெகுகாலமாகக் கவனித்து வருகிறேன். மெத்தையிட்ட நல்ல நாற்காலி ஒன்று இருக்கும். அதில் பூனை இருக்கும். "ஒரு நிமிஷம், பாஸ்டர்" என்று சொல்லி, பால்கனியில் அடுக்கிவைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து எனக்குப் போடுவார்கள். இதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. பூனை அங்கே தினந்தோறும் இருக்கிறது. நான் மாதத்திற்கு ஒருமுறைதான் வருகிறேன்.

ஊரில் நம்முடைய தாய்மார் பூனை வளர்த்தார்கள் என்று சொல்வது சரியாகாது. பூனை இருந்தது; அவ்வளவுதான். நெல்மூட்டை இருந்ததால் எலி வந்தது, எலி வந்ததால் பூனை வந்தது. மீன் ஆயும்போது தலையும் குடலும் அதற்கு விழும். ராத்திரி எங்கே படுத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அடுப்புச் சாம்பலில் படுத்திருக்கும். அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலை வைத்து நாளாயிற்று என்று பொருள் கொண்டவர்கள் நாம். அந்த வீடுகளிலிருந்து புறப்பட்டு வந்து, மயூர் விஹாரிலும் ஜனக்புரியிலும் இரண்டு அறை வாடகை வீட்டில் குடியேறியபின், நெல்லும் எலியும் இல்லாத இடத்தில், பூனை மாத்திரம் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. மாடிப்படியில் மழைக்கு ஒதுங்கிய குட்டி ஒன்றைப் பிள்ளைகள் தூக்கி வந்திருப்பார்கள். "இரண்டு நாளில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்" என்று தகப்பனார் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். ரஜாய்க்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருப்பவர் அநேகமாக அந்தத் தகப்பனார்தான்.

பூனை அனலைத் தேடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. இன்றைய வீட்டுப் பூனைகள் யாவும் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் உலாவிய காட்டுப்பூனையின் வழிவந்தவை என்பது 2007-இல் வெளியான மரபணு ஆய்வில் தெளிவாயிற்று. வறண்ட நிலத்துப் பிராணி அது. அதன் சரீர உஷ்ணம் சாதாரணமாகவே 38 முதல் 39 டிகிரி. தன் சரீரத்தைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ விசேஷ முயற்சி எதுவும் தேவைப்படாமல் அது சுகமாயிருப்பது 30 முதல் 38 டிகிரி வரையுள்ள வெப்பத்திலே. மனிதனுக்கு வியர்க்கத் தொடங்கும் இடத்தில்தான் பூனைக்குச் சுகம் தொடங்குகிறது. ஆகையால் ஜனவரி மாதத்தில் உங்கள் மடியில் வந்து படுப்பது அன்பினாலா, அனலினாலா என்று ஆராயாதிருப்பது நலம்.

கோடையிலோ காரியம் வேறுவிதமாகிறது. 2024-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி. அந்த வெயிலைப் பாலைவனத்தின் சந்ததியும் தாங்காது. குளியலறையின் ஈரத் தரையில் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு கிடக்கும். அதைக் கண்டு மனமுருகி, தாங்கள் அலுவலகம் போகும் பகல் முழுவதும் பூனைக்காக ஏ.சி.யை ஓடவிட்டுப் போகிற குடும்பங்கள் உண்டு. மாதம் 200 யூனிட் வரை மின்கட்டணம் இல்லை என்று தில்லியில் 2019 ஆகஸ்டில் சலுகை வந்ததும், ஒரு பல்பு கூடுதலாக எரிந்தால் பிள்ளைகளைக் கடிந்துகொண்டு, மீட்டரைத் தினமும் எட்டிப்பார்த்து, அந்த எல்லைக்குள் நின்ற ஒரு தகப்பனாரை நான் அறிவேன். அவர் வீட்டு மீட்டர் ஒரு ஜூன் மாதத்தில் 200-ஐத் தாண்டி வெகுதூரம் ஓடிப்போயிற்று. பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். பூனை இங்கே இருந்தது.

ஆகார விஷயத்துக்கு வருவோம். இந்நகரில் வீட்டுச் சொந்தக்காரர் சைவராயிருந்தால், வாடகைக்கு விடும்போதே "மாமிசம் மச்சம் கூடாது" என்று நிபந்தனை வைப்பது வழக்கம். நம்மில் பலர் அதற்கு ஒப்புக்கொண்டு, மீன்குழம்பு சாப்பிட ஞாயிறு மத்தியானம் இன்னொரு விசுவாசி வீட்டுக்குப் போகிறோம். நமக்காக மீறாத அந்த நிபந்தனையைப் பூனைக்காக மீறுகிறோம். ஜன்னல்களை அடைத்து, ஊதுவத்தி கொளுத்தி, குக்கரில் இரண்டு மீன் துண்டு அவித்து, முள்ளையும் தலையையும் மூன்று பாலித்தீன் பைக்குள் சுற்றி, அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருகிற ஒரு சகோதரி, "என் பிள்ளைகளுக்காகக்கூட நான் இவ்வளவு பொய்யான முகம் காட்டினதில்லை" என்று என்னிடம் சொன்னார்கள். பொய்யான முகத்தைக் குறித்துச் சொல்லவேண்டியதை அவர்களுக்குச் சொன்னேன். ஆனாலும் மீனைக் குறித்து அவர்கள் அறிந்திருந்தது சரியே. தயிர்சாதத்தில் வளர்ந்த பூனை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. பூனைக்கு மாமிசம் ருசிக்காக அன்று, உயிருக்காக வேண்டும். டாரின் என்னும் ஒரு சத்து மாமிசத்திலும் மீனிலும்தான் போதுமான அளவு இருக்கிறது; பூனையின் சரீரம் அதைத் தேவையான மட்டும் தானாக உண்டாக்கிக்கொள்ள மாட்டாது. அது குறைந்தால் இருதயம் பலவீனப்பட்டு வீங்கிப்போகும் என்பதையும், டாரினைக் கொடுத்தால் அந்த இருதயம் மறுபடியும் சீர்படும் என்பதையும் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள கால்நடை மருத்துவர்கள் 1987-இல் நிரூபித்தார்கள்.

பாலும் அப்படியே. வளர்ந்த பூனைகளில் அநேகத்திற்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு வரும். தெனாலிராமன் கதையில் பால் கிண்ணத்தைக் கண்டதும் ஓட்டம் பிடித்த பூனை, பார்க்கப்போனால், தன் சரீரத்தை அறிந்த பூனை. கேசரியும் ஜிலேபியும் கொடுத்து மகிழ்கிறவர்கள் இன்னொன்றை அறிய வேண்டும்: தித்திப்பை உணரும் திறனே பூனையின் நாவுக்கு இல்லை, 2005-இல் அதன் மரபணுவிலேயே அந்தப் பகுதி பழுதாயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நீங்கள் உங்கள் பங்கு ஜிலேபியைத் தியாகம் செய்கிறீர்கள். அதற்கு அது நெய் தடவிய ஏதோ ஒன்று.

சிரிப்பை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல அனுமதியுங்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று இரங்கி, நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரையில் கால் துண்டு உடைத்துக் கொடுத்துவிடாதிருங்கள். மனிதனின் ஈரல் அந்த மருந்தை முறிப்பதுபோலப் பூனையின் ஈரல் முறிக்க அறியாது. ஒரே மாத்திரை அதைக் கொன்றுபோடும். அதுபோலவே ஈஸ்டர் பண்டிகைக்கு ஆலயத்தை அலங்கரித்தபின் மீதியான லீலி மலர்களை வீட்டுக்குக் கொண்டுபோய் ஜாடியில் வைப்பவர்கள் உண்டு. அந்த மலரின் இதழையோ இலையையோ கடித்தாலும், ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூனையின் சிறுநீரகம் இரண்டு மூன்று நாளில் அற்றுப்போகும். பூனை உள்ள வீட்டில் அந்த மலர் வேண்டாம்.

இனிப் பிரயாணம். விடுமுறைக்கு ஊருக்குப் போகவேண்டும். பூனையை என்ன செய்வது? ரயில்வே விதியின்படி, பயணி தன்னோடு பூனையை வைத்துக்கொண்டு போக வேண்டுமானால், ஏ.சி. முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுவதுமாகத் தன் பேரில் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். முப்பது மணி நேரத்துக்கு மேலான பிரயாணம். ஆயுசு முழுவதும் ஸ்லீப்பர் வகுப்பில், மேல் பெர்த்தில், முழங்காலை மடக்கிப் போய்வந்த ஒருவர், மூன்றரை கிலோ எடையுள்ள ஒரு பிராணியின் நிமித்தமாக முதல் வகுப்பில் இரண்டு பெர்த்துக்குப் பணம் கட்டுகிறார். கட்டியும் இருவர் அறை கிடைக்குமா என்பது சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். கிடைக்காவிட்டால் கார்டு பெட்டியிலுள்ள கூண்டு. அந்த இரைச்சலில் பூனையை விட யாருக்கு மனம் வரும்? விமானத்தில் போகலாம் என்றால் அதற்கும் எடைக் கணக்கு உண்டு. 2022 நவம்பரில் ஆகாசா ஏர் நிறுவனம் கூண்டோடு சேர்த்து 7 கிலோ வரையுள்ள நாய் பூனைகளைப் பயணிகளோடு ஏற்றிக்கொள்ளத் தொடங்கியபோது, தங்கள் பூனையைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்து, இரண்டு வாரம் பத்தியம் போட்டவர்கள் இருக்கிறார்கள். பத்தியம் பூனைக்கு, மனவேதனை வீட்டாருக்கு.

இந்த ஏற்பாடு எதுவும் கூடிவராதபோது, "நீங்கள் போய்வாருங்கள், நான் பூனையோடு இருக்கிறேன்" என்று ஒருவர் தங்கிவிடுகிறார். தங்கையின் மகள் கலியாணத்துக்குப் போகாத தாய்மார் உண்டு. இதில் பாதி பூனையின் மேலுள்ள பாசம். மீதிப் பாதியைக் குறித்து நான் வேறுவிதமாக நினைக்கிறேன். ஊரில் எதிர்கொள்ள விரும்பாத ஏதோ ஒரு முகம் இருக்கும்போது பூனை நல்ல சாக்கு.

வாடகை வீடுகளில் இவர்கள் படுகிற பாடும் கொஞ்சமல்ல. குடியிருப்போர் சங்கம் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்ய இயலாது என்று இந்திய விலங்குநல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆயினும் வீட்டுச் சொந்தக்காரர் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றால் வழிகாட்டுதலைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை. நொய்டாவில் நாய்களோடு பூனைகளையும் 2023 ஜனவரி 31-க்குள் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு பிறந்தபோது, தங்கள் ஆதார் அட்டையில் முகவரி மாற்ற மூன்று வருஷமாய் நேரம் கிடைக்காதவர்கள் பூனையின் பதிவை ஒரே வாரத்தில் முடித்தார்கள்.

பூனைக்காகத் தன்னைக் குறைத்துக்கொள்வது நம் தலைமுறையில் தோன்றிய பைத்தியம் என்று எண்ணாதிருங்கள். எகிப்தியர் தங்கள் வீட்டுப் பூனை இறந்தால் புருவத்தைச் சிரைத்துக்கொண்டு துக்கித்தார்கள் என்று கிரேக்க சரித்திரக்காரராகிய ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த எகிப்திலே இஸ்ரவேலர் அத்தனை காலம் குடியிருந்தும், நம்முடைய அறுபத்தாறு ஆகமங்களில் வீட்டுப் பூனையின் பெயர் ஒருமுறையும் வருவதில்லை. தள்ளுபடி ஆகமங்களில் ஒன்றாகிய எரேமியாவின் நிருபத்தில் மாத்திரம், விக்கிரகங்களின்மேல் ஏறி உட்காரும் பிராணிகளோடு பூனையும் வருகிறது. எதன்மேல் ஏறி உட்காரக்கூடாதோ அதன்மேல் ஏறி உட்காருவது அன்றைக்கும் அதன் சுபாவமாயிருந்திருக்கிறது.

இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பேராலயத்தின் கணக்குப் புத்தகங்களில் 1305 முதல் 1467 வரை, ஆலயக் காவலருக்கும் பூனைக்கும் என்று காலாண்டுக்கு 13 பென்ஸ் செலவு எழுதப்பட்டிருக்கிறது. 1598-இல் பேராயர் வில்லியம் காட்டன், ஆலயத்துக் கடிகாரத்தின் கீழிருக்கும் கதவில் பூனை போய்வர ஒரு துவாரம் வெட்டும்படி தச்சருக்கு 8 பென்ஸ் கொடுத்தார். அந்தத் துவாரத்தை இன்றும் காணலாம். நம்முடைய சபைக் கமிட்டிகளில் கதவில் ஓட்டை போடும் தீர்மானம் ஒன்று எத்தனை கூட்டம் தாண்டி நிறைவேறும் என்று எண்ணிப் பார்த்தேன். பேராயர் யாரையும் கேட்டிருக்க மாட்டார்.

இந்தத் தில்லிப் பட்டணத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். உருதுக் கவிஞர் மீர் தகீ மீர். 1723-இல் ஆக்ராவில் பிறந்து, பிழைப்புத் தேடி தில்லிக்கு வந்து, தில்லி கொள்ளையிடப்பட்டுச் சீரழிவதைக் கண்ணால் கண்டு, 1782-இல் லக்னோவுக்குப் போனவர். நம்மைப்போல அவரும் வந்தேறிதான். மோகினி என்று பேரிட்ட ஒரு பூனையைக் குறித்து அவர் ஒரு நெடும்பாட்டுப் பாடியிருக்கிறார். மோகினிக்குக் குட்டிகள் பிறந்து பிறந்து சாகின்றன. குட்டிகள் பிழைக்க வேண்டும் என்று தாயத்துகளைத் தேடிப்போகிறார்கள், நேர்த்திக்கடன் வைக்கிறார்கள். தாயத்தைக் குறித்து என் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும், அதைத் தள்ளிவைப்போம். ராஜ்யங்கள் கவிழ்ந்துகொண்டிருந்த காலத்தில், சோற்றுக்கே பிரபுக்களின் தயவை எதிர்பார்த்திருந்த ஒரு மனிதர், பூனைக்குட்டிகள் பிழைக்க வேண்டுமென்று அலைந்த அலைச்சலைப் பாட்டாக எழுதிவைத்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். தில்லிக்கு எதுகை பில்லி என்று ஹிந்தி படிக்கும் பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். மீர் அதைப் பொருளோடு பாடியிருக்கிறார்.

ஆனால் இவ்விஷயத்தில் நான் விசேஷமாய் எடுத்துச்சொல்ல விரும்புவது லண்டனில் வாழ்ந்த சாமுவேல் ஜான்சனைக் குறித்து. 1755-இல் ஆங்கில அகராதியை வெளியிட்டவர். ஜெபங்களைக் கைப்பட எழுதி வைத்திருந்த பக்தியுள்ள மனிதர். அவருக்கு ஹாட்ஜ் என்று ஒரு பூனை இருந்தது. ஒருமுறை அவர், இதைக்காட்டிலும் தமக்குப் பிரியமான பூனைகள் முன்பு இருந்ததுண்டு என்று நண்பரிடம் சொல்லிவிட்டு, ஹாட்ஜின் முகம் வாடினதுபோலத் தோன்றவே, இதுவும் வெகு நல்ல பூனைதான் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாராம். பூனையின் மனம் நோகாதபடிக்குப் பேச்சை மாற்றிய மகா பண்டிதர்! அந்த ஹாட்ஜுக்கு ஆளி என்னும் கடற்சிப்பி வாங்கிக்கொண்டுவர அவரே கடைத்தெருவுக்குப் போவார். அக்காலத்து லண்டனில் ஆளி ஏழைகளின் ஆகாரம், மலிவானது. அதை வாங்கி வர வீட்டில் வேலைக்காரர் இருந்தார். பின்னை ஏன் இவரே போனார்?

இதற்கு இரண்டு சாட்சிகள் இரண்டு காரணம் சொல்லுகிறார்கள். அவருடைய சரித்திரத்தை எழுதிய பாஸ்வெல், வேலைக்காரருக்கு அந்தத் தொந்தரவு இருந்தால் அவர்கள் பூனையை வெறுக்கக்கூடும் என்பதால் என்கிறார். அவருக்கு நெருங்கிய சிநேகிதியான திருமதி த்ரேல், ஒரு நாலுகால் பிராணிக்குப் பணிவிடை செய்ய ஏவப்பட்டால் அந்த வேலைக்காரரின் மனம் புண்படும் என்பதால் என்கிறார். முதலாவது காரணம் பூனைக்காக, இரண்டாவது மனிதனுக்காக. அந்த வேலைக்காரர் பிரான்ஸிஸ் பார்பர், ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்தவர். 1752-இல் சிறுவனாக ஜான்சன் வீட்டுக்கு வந்தார். ஜான்சன் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். 1784-இல் மரிக்கும்போது, வருஷத்துக்கு 70 பவுண்டு உதவித்தொகையும் தம்முடைய மீதி உடைமையும் அவருக்கே சேரும்படி உயில் எழுதினார். ஆகையால் த்ரேல் அம்மையார் சொன்னதையே நான் அதிகம் நம்புகிறேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறேன் என்று கேட்பீர்கள். நம் சபைகளில் இரண்டுவிதமானவர்களும் ஒரே பாயில் உட்காருகிறோம். பூனை வளர்க்கிறவர்களும் இருக்கிறோம். பூனை வளர்க்கப்படும் வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறோம். ஜங்புரா பக்கத்தில் பாராபுல்லா வாய்க்கால் கரையிலிருந்த மதராசி கேம்ப் உங்களுக்கு நினைவிருக்கும். சுமார் 370 வீடுகள் இருந்த அந்தத் தமிழ்க் குடியிருப்பு, 2025 ஜூன் முதல் தேதி நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. 189 குடும்பங்களுக்கு மாத்திரமே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டென்றார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்களில் அநேகர் சுற்றுவட்டாரத்துக் கோட்டிகளில் வீட்டுவேலை செய்து வந்தவர்கள். நரேலாவிலிருந்து ஜங்புராவுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அத்தனை தூரம் பஸ் மாறி மாறி வந்து, எட்டு மணிக்கு அழைப்பு மணியை அடிக்கிற ஒரு பெண்ணிடம், "முதலில் பூனைத்தட்டைக் கழுவிவிடு" என்று சொல்லப்படுகிறது.

தியாகம் என்று நாம் சிரித்துச் சிரித்துப் பேசினோமே, அதில் எது உண்மையில் நம்முடையது என்று ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். கால் விறைத்தது உங்கள் கால், சரி. நாற்காலி உங்களுடையது. மின்கட்டணம் உங்களுடையது. இவைகளில் ஒருவருக்கும் வருத்தமில்லை; கேட்கிறவர்களும் சிரிக்கலாம். ஆனால் தட்டிலுள்ள பெண்டோனைட் மணலைச் சலித்துக் கட்டி பொறுக்குகிறவள் யார்? கம்பளத்தில் வாந்தியெடுத்தால் துடைக்கிறவள் யார்? 46 டிகிரியில் தகரக் கூரையின்கீழ் தூங்காமல் விழித்திருந்து வந்தவள், பூனைக்கென்று ஏ.சி. ஓடுகிற அறையைப் பெருக்கி முடித்ததும், "கதவைச் சாத்திக்கொண்டு போ, குளிர்ச்சி வெளியே போய்விடும்" என்று கேட்கிறாளே, அவள் அந்தப் பூனையை என்னவென்று நினைப்பாள்? பாஸ்வெல் சொன்ன காரணமும் அங்கே வந்துவிடுகிறது.

மருத்துவ விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் சில பூனைகளின் மலத்தின் வழியாகப் பரவும். கர்ப்பிணிக்கு முதன்முறையாக அது தொற்றினால் கருவிலுள்ள பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். வெளியே வேட்டையாடாமல், வேகவைத்த ஆகாரமே உண்கிற வீட்டுப் பூனையால் அபாயம் சொற்பமே. பயந்து பூனையைத் தெருவில் விடவேண்டியதில்லை. மலம் வெளிப்பட்டு ஒரு நாளாவது கடந்தபின்தான் அது தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே அன்றன்றே அப்புறப்படுத்தி, கையுறை அணிந்து, சோப்பினால் கை கழுவினால் போதும். கர்ப்பிணிகள் அந்தத் தட்டைத் தொடாதிருப்பது உத்தமம். இதை நம் வீடுகளில் அறிந்திருக்கிறார்கள். மகள் பிரசவத்துக்கு வந்தவுடன், "நீ அந்தப் பக்கம் போகாதே" என்று தாய் சொல்லிவிடுகிறார். அதே மாதத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணியான வேலைக்காரப் பெண் அந்தத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு வீட்டை நான் கண்டேன். அவர்கள் இருதயம் கடினமானவர்கள் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஐந்து மாதம் என்பதே அவர்களுக்குத் தெரியாதிருந்தது. பூனைக்கு அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி என்று தெரிந்திருந்தது.

தடுப்பூசி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வெறிநோய் நாயினால் மாத்திரம் வருவதில்லை. பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் வரலாம். வேலைசெய்கிற பெண்ணின் கையில் கீறல் விழுந்தால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவச் செய்து, அன்றைக்கே ஊசி போட அனுப்புங்கள். அரசு மருத்துவமனையில் ஊசிக்குப் பணம் இல்லை. ஆனால் வரிசையில் நிற்கிற அரைநாள் கூலியைப் பிடித்துக்கொள்ளாதிருங்கள். பிறாண்டியது உங்கள் பூனை.

வீட்டுக்குள்ளேயும் ஜான்சன்கள் குறைவு. தகப்பனார் பூனைப் பிரியர் என்பார்கள். மணல் மாற்றுகிறவள் மருமகளாயிருப்பாள். பிள்ளை அழுது அடம்பிடித்துக் குட்டியைக் கொண்டுவந்திருப்பான். ராத்திரி இரண்டு மணிக்கு அது கதவைச் சுரண்டும்போது எழுந்து போகிறவர் பாட்டியாயிருப்பார், மூட்டுவலியோடு.

மயூர் விஹாரில் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பூனைக்கு மீன் வாங்க ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அவரே போகிறார். மகன் போனிலேயே வரவழைத்துத் தருகிறேன் என்றாலும் கேட்பதில்லை. தட்டைத் தினமும் காலையில் அவரே கழுவுகிறார். வேலைக்கு வரும் பெண்ணை அதைத் தொடவிடுவதில்லை. சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஜான்சன் கதையைச் சொல்லி, "ஐயா, நீங்கள் அவரைப்போல இருக்கிறீர்கள்" என்று மனதாரப் பாராட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. அப்பொழுது சமையலறையிலிருந்து அம்மாவின் சத்தம் கேட்டது: "பாஸ்டர், வாங்கிவருகிறவர் அவர்தான். அதை ஆய்ந்து, கழுவி, அவித்து, முள்ளெடுத்து, ஆறவைத்துக் கொடுக்கிறது யார் என்று அவரையே கேளுங்கள்."

ஐயா செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.